அந்த நாலு பேரில் நீயும் ஓர் ஆள்!

கொழும்பில் ஒரு ரயில் என்னைப் பார்த்துச் சிரித்தது.

களனிவெளிப் பாதையில் ஓடும் ரயில் அது. ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் புல்வெளிக்கு நடுவே புகுந்து போகும். காலை நேரம், ஆபீஸ் போகிற கூட்டம், படியில் தொங்குகிற ஆட்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நான். வயது 56. கையில் ஒரு கோல், காலடியில் ஒரு வெள்ளைப் பந்து, முதுகில் வழிகிற வியர்வை.

ரயில் சத்தம் கேட்டதுமே உள்ளங்கை ஈரமாகிவிட்டது. பையைச் சுமந்து வந்த கேடி, "கொஞ்சம் பொறுங்கோ சேர்" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தனை பேர் பார்க்கச் சும்மா நிற்பதைவிட அடித்துத் தொலைப்பதே மேல் என்று கோலை ஓங்கி வீசினேன்.

காற்றுக்குத்தான் அடி விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நான்தான் அரைவட்டம் சுற்றி ரயிலைப் பார்த்தபடி நின்றேன். ஒரு பெட்டி முழுக்கச் சிரிப்பு. யாரோ விசில் அடித்தார்கள். ஜன்னலோரம் ஒரு சின்னப் பையன் கைதட்டினான். அப்படியே ஓடிப்போய் மீனம்பாக்கம் விமானத்தில் ஏறிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

கேடி சிரிக்கவில்லை. கோலை என் கையிலிருந்து வாங்கித் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "ரயில் போகட்டும் சேர். பந்து இங்கதானே கிடக்கு."

இந்த ஒரு வரியை உன் நெஞ்சில் ஆணியடித்து மாட்டத்தான் இதை எழுதுகிறேன். உன் வயது இருபதோ அறுபதோ, உரிமையோடு 'நீ' என்றே பேசுகிறேன். கோபித்துக்கொள்ளாதே!

யார் அந்த நாலு பேர்?

மயிலாப்பூர் மாட வீதியில் வளர்ந்தவன் நான். பால்குடித்த நாளிலிருந்து எனக்கு ஊட்டப்பட்ட இன்னொரு உணவு இது: "நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

சத்தமாகச் சிரித்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கணக்கில் பெயிலானால் நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது? பாட வராவிட்டால் நாலு பேர் எதிரில் எதற்குப் பாட வேண்டும்? தெரிந்த வேலையை விட்டுவிட்டு அச்சகம் வைத்தால், நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

அந்த நாலு பேரை நான் ஐம்பது வருடம் தேடியிருக்கிறேன். லஸ் கார்னரில் தேடினேன். நாகேஸ்வர ராவ் பூங்காவின் நடைபாதையில் தேடினேன். பங்குனியில் அறுபத்து மூவர் பார்க்க வரும் ஜன சமுத்திரத்தில் தேடினேன். ஒருவரும் "நான்தான் அந்த நாலு பேரில் ஒருத்தன்" என்று கைதூக்கவில்லை.

ஆனால், முகவரி இல்லாத அந்த நாலு பேர் நமக்குச் செய்த சேதத்தைக் கணக்குப் பார்! தி.நகரில் நேர்முகத் தேர்வுக்குப் போய், இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்று வாயே திறக்காமல் வந்தவன் எத்தனை பேர்? அருமையாகச் சமைக்கத் தெரிந்தும் "நம்ம வீட்டுப் பொண்ணு மெஸ் நடத்துறதா?" என்ற கேள்விக்குப் பயந்து அடுப்பை அணைத்தவள் எத்தனை பேர்? ஓய்வு பெற்ற பிறகு நீச்சல் கற்க ஆசைப்பட்டு, அடையாறில் ஒரு நீச்சல் குளத்தின் வாசல்வரை போய், "இந்த வயசுலயா?" என்று திரும்பியவர் எத்தனை பேர்?

எழுதாத கதை, கேட்காத கடன், சொல்லாத காதல், தொடங்காத தொழில். எல்லாவற்றையும் தின்று கொழுத்தது அந்த நாலு பேர்!

மொட்டை மாடியில் ஒரு குடை

எங்களையும் நாலு பேர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒருவன் மயிலாப்பூரில் ஆடிட்டர். ஒருவன் தி.நகரில் பாத்திரக்கடை. ஒருவன் வங்கியில் ஓய்வு பெற்று அடையாறு காந்தி நகரில் இருக்கிறான். நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன்.

ஆடிட்டருக்கு மட்டும்தான் கோல்ஃப் பழக்கம். அண்ணா சாலையில் நந்தனம் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் அந்த நீண்ட மதிலைப் பார்த்திருப்பார்கள். 1873-இல் தொடங்கிய காஸ்மோபாலிடன் கிளப்பின் கோல்ஃப் திடல் அதற்குள்தான். அந்த மதிலுக்கு வெளியே வாழ்நாளெல்லாம் போய்வந்த எனக்கு உள்ளே 18 குழிகள் இருப்பது தெரியாது. ஒருநாள் ஆடிட்டர் எங்களைப் பயிற்சித் தளத்துக்கு இழுத்துப் போனான். "சும்மா நூறு பந்து அடிச்சுப் பாருங்கடா!"

நூறில் எண்பது தரையில் உருண்டது. பத்து பக்கவாட்டில் பறந்தது. மிச்சத்தில் ஒன்றைத் தவிர எதுவும் அசையவே இல்லை. உள்ளங்கையில் கொப்புளம். ஆனால் அந்த ஒரே ஒரு பந்து 'டக்' என்ற சத்தத்தோடு எழும்பிப் போனது பார், அந்தச் சத்தத்துக்கு நான் அடிமையானேன்.

வீட்டில் கோல் கிடையாது. மொட்டை மாடியில் குடையை வைத்து வீசிப் பழகினேன். எதிர் வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "என்ன சார், கொசு அடிக்கறேளா?" என்றார். மறுநாளிலிருந்து நான் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பழகினேன். பார்த்தாயா? 56 வயதில், என் வீட்டு மாடியில், என் குடையை வீச எனக்கு இருட்டு தேவைப்பட்டது!

இப்படியிருக்கும்போதுதான் கொழும்புப் பயண யோசனை வந்தது. "நமக்கெதுக்குடா வெளிநாடு? அங்க போய் மானம் போகவா?" என்றேன். பாத்திரக்கடைக்காரன் சொன்னான்: "இங்க போனா தெரிஞ்சவன் முன்னாடி போகும். அங்க போனா தெரியாதவன் முன்னாடி போகும். எது லாபம்னு நீயே பாரு." வியாபாரி மூளை! சீட்டுப் பணம் எடுத்தோம். சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. 1879-இல் காலிமுகத் திடலில் தொடங்கி, பிறகு பொரளைப் பக்கம் இடம் மாறிய பழம்பெரும் கிளப்பின் புல்லில் நாலு மயிலாப்பூர் ஆசாமிகள் நின்றோம். அதன் பிறகுதான் அந்த ரயில் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் உடைந்த ரகசியம்

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது நானே பேச்சை எடுத்தேன். "ரயில் போறப்ப நான் காத்தை அடிச்சேனே, அசிங்கமாப் போச்சுடா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்ப?" என்றான் ஆடிட்டர். அவன் அப்போது புதருக்குள் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தானாம். வங்கிக்காரன் முந்தைய குழியில் எடுத்தது ஏழா எட்டா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தானாம். பாத்திரக்கடைக்காரன் ரயிலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தானாம். அதில்கூட நான் இல்லை!

கேட்டாயா! என்னை ஒரு பகல் முழுக்கத் தின்ற அவமானத்தை, என்னோடு ஆட வந்த ஒருவன்கூடப் பார்க்கவில்லை. ரயிலில் சிரித்தவர்கள்? அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மேலதிகாரியின் முகம், பள்ளிக் கட்டணம், பெட்டியில் இடம் என்று அவரவர் கவலைக்குப் போயிருப்பார்கள்.

சரி, நான் யோக்கியனா? அன்று என் நண்பர்கள் எத்தனை தடவை தவறவிட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. நானும் என் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஐம்பது வருடம் நான் தேடிய அந்த நாலு பேரில் ஒருவன் நானே! மற்றவர்களுக்கு நான் 'நாலு பேர்'. என் கண்ணுக்குப் பயந்து எங்கோ ஒருவர் தன் குடையை இருட்டில் வீசிக்கொண்டிருக்கலாம். நானோ அவரைக் கவனிக்கவே இல்லை!

உன்னையே கேட்டுப் பார். போன வருடம் உன் அலுவலகத்தில் யார் யார் உளறினார்கள்? பக்கத்து வீட்டுப் பையன் எந்தத் தேர்வில் தவறினான்? உறவுக்காரப் பெண் எந்த மேடையில் பாட்டை மறந்தாள்? உனக்கு நினைவில்லை. உன்னைப் பற்றியும் ஊருக்கு அப்படித்தான். நீ பயப்படும் நீதிபதிக்கு உன் வழக்கே ஞாபகமில்லை. நீ மட்டும் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறாய்!

குறையை எழுதிக் கையெழுத்துப் போடு

கோல்ஃபில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி ஹேண்டிகேப். உன் ஆட்டத்தில் எவ்வளவு குறை என்பதை ஓர் எண்ணாக எழுதிவைப்பார்கள். 2020-இல் உலகம் முழுக்க ஒரே கணக்கு முறை வந்தது. அதில் அதிகபட்சம் 54. அந்த எண்ணை மறைக்க முடியாது. எதிராளியிடம் கைகுலுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆடிட்டரின் எண் 12. என்னுடையது 36. அவன் 90 அடியில் 18 குழிகளையும் முடிக்கிறான். நான் 112 எடுக்கிறேன். அவன் 90-இல் 12 கழித்தால் 78. என் 112-இல் 36 கழித்தால் 76. இந்த ஆட்டத்தில் அடி குறைந்தவனுக்குத்தான் வெற்றி. ஜெயித்தது யார்? நான்!

நம் தெருவில் குறை என்றால் மூடிவைக்க வேண்டிய விஷயம். இங்கேயோ குறையை ஒப்புக்கொண்டவனுக்குத்தான் சம ஆட்டம். மறைத்தவன் ஆட்டத்துக்கே வர முடியாது. "எனக்கு இங்கிலீஷ் தடுமாறும், ஆனால் வேலை தெரியும்" என்று நிமிர்ந்து சொல்லிப் பார். "முதலீடு குறைவு, கைமணம் உண்டு" என்று பலகை எழுதி மாட்டிப் பார். குறையைச் சொன்னவனை ஊர் கேலி செய்ய வழியே இல்லை. கேலிக்கான சரக்கை அவனே விற்றுத் தீர்த்துவிட்டானே!

நிலாவிலும் தவறும்

1971 பிப்ரவரி 6. அப்பல்லோ 14-இல் போன ஆலன் ஷெப்பர்ட் நிலாவில் நின்று ஒரு கோல்ஃப் பந்தைப் போட்டார். மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் கோல்முனையைச் செருகி, கனத்த விண்வெளி உடையில், ஒற்றைக் கையால் வீசினார். பூமி முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கிறது. என்ன ஆனது? பந்தைவிட மண்தான் அதிகம் பறந்தது! பக்கத்தில் நின்ற சகாவே கிண்டல் செய்தார்.

ஷெப்பர்ட் வெட்கப்பட்டு விண்கலத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. மறுபடி வீசினார். மறுபடியும் வீசினார். பந்து பறந்தது. இன்று உலகம் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது? நிலாவில் கோல்ஃப் ஆடிய மனிதர் என்று! முதல் வீச்சு தவறியதை நான் சொல்லித்தானே உனக்குத் தெரிகிறது?

பை சுமந்த தோள்கள்

"இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு சார், எங்களுக்கு எதற்கு?" என்கிறாயா? பணக்காரர் விளையாட்டுதான், மறுக்கவில்லை. அதனால்தான் இவர்களைச் சொல்கிறேன்.

1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்வெளியைப் பராமரித்த ஒரு தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. பெரிய பயிற்சியாளர் கிடையாது. பார்த்துப் பார்த்துத் தானே பழகினார். இந்தியன் ஓப்பன் போட்டியில் 1999, 2006, 2013, 2015 என்று நாலு முறை இரண்டாமிடம். நாலு முறை! "இவனுக்கு ராசி இல்லை" என்று சொல்ல நாலு பேருக்கு அதைவிட என்ன வேண்டும்? 2016-இல் அதே கோப்பையைத் தூக்கினார். அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல 2017-இல் மறுபடியும் தூக்கினார்!

டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இலும் 1993-இலும் அதே கோப்பையை வென்றார். பெங்களூரில் கேடியாகப் பை சுமந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் வென்றார். அடுத்தவர் பையைச் சுமந்த தோள் அது. "உனக்கு இது ஒத்துவருமா?" என்று கேட்க அவர்களைச் சுற்றி நாலு பேர் இல்லை, நானூறு பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் பார்த்தது பந்தை!

பெங்களூரின் அதிதி அசோக்கை மறந்துவிட்டாயா? 2021 ஆகஸ்ட். டோக்கியோ ஒலிம்பிக். உலக வரிசையில் 200-ஆம் இடத்தில் இருந்த 23 வயதுப் பெண், தாயையே கேடியாக வைத்துக்கொண்டு ஆடினாள். கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில் விடியற்காலையில் டி.வி. ஓடியது. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கம் நழுவி நாலாம் இடம். அழுதபடி விளையாட்டை விட்டாளா? அடுத்த வாரங்களில் அடுத்த போட்டிக்குப் போய் நின்றாள். நாலாம் இடத்தைத் தோல்வி என்று எழுதுவதும், ஒரு நாட்டையே விடியலில் எழுப்பிய வெற்றி என்று எழுதுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

ஐந்தாவது ஆள்

அப்படியானால் யார் கண்ணுக்கும் அஞ்ச வேண்டாமா, மனம் போனபடி போகலாமா? கூடாது! ஒரே ஒரு கண்ணுக்கு மட்டும் அஞ்சு.

1925 அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி. பாபி ஜோன்ஸ் பந்தை அடிக்கத் தயாராகும்போது, புல்லில் கிடந்த பந்து இம்மியளவு அசைந்தது. நடுவர்கள் பார்க்கவில்லை. கூட்டமும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் பார்த்தார். தானே சொல்லித் தன் கணக்கில் ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்த்தார். கடைசியில் சம நிலை. மறு ஆட்டத்தில் ஒரே ஓர் அடியில் கோப்பையை இழந்தார். அந்த ஓர் அடியைச் சேர்க்காமல் இருந்திருந்தால் கோப்பை அவருடையது. நேர்மைக்குப் பாராட்டியபோது, அது பாராட்ட வேண்டிய சங்கதியே அல்ல என்று தள்ளிவிட்டார்.

நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒழுங்காக இருப்பவன் இருட்டில் தடம் புரள்வான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று பயப்படுபவன் வெளிச்சத்தில் முடங்குவான். இரண்டுக்கும் ஒரே மருந்து, உனக்குள் நிற்கும் அந்த ஐந்தாவது ஆள். அவனுக்கு மட்டும் கணக்குக் காட்டு. அவனிடம் "முயன்றேன், ஏமாற்றவில்லை" என்று சொல்ல முடிந்தால், தலை நிமிர்ந்து மாட வீதியைச் சுற்றி வா!

மூன்றே நிமிடம்

இன்னொரு விதி. தொலைந்த பந்தைத் தேட முன்பு 5 நிமிடம் கொடுத்தார்கள். 2019-இலிருந்து 3 நிமிடம்தான். கிடைக்காவிட்டால் தண்டனையை ஏற்று இன்னொரு பந்தைப் போட்டு ஆட வேண்டும். புதருக்குள் குடியிருக்க அனுமதி இல்லை!

நீயோ மூன்று வருடத்துக்கு முன் தொலைந்த வேலையை இன்னும் புதரில் தேடிக்கொண்டிருக்கிறாய். பத்து வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன ஏச்சை இன்னும் துழாவிக்கொண்டிருக்கிறாய். பின்னால் அடுத்த கோஷ்டி காத்திருக்கிறது, பொழுது சாய்கிறது. அழ வேண்டுமா? அழு. மூன்று நிமிடம்! பிறகு பையில் கைவிடு, புதுப் பந்தை எடு, போடு!

நாளைக் காலையே

தத்துவம் போதும். நாளைக் காலை என்ன செய்வாய்?

ஒன்று: வெட்கத்தால் ஒத்திப்போட்ட ஒரு காரியத்தை எடு. பெரியதாக வேண்டாம். பாண்டி பஜார் கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவதாகக்கூட இருக்கட்டும்.

இரண்டு: அதை வெளிச்சத்தில் செய். பனகல் பூங்காவில் ஓடு. எலியட்ஸ் கடற்கரையில் பாடு. மொட்டை மாடியில் விளக்கைப் போட்டுவிட்டுக் குடையை வீசு. "கொசு அடிக்கறேளா?" என்று கேட்டால், "ஆமாம் மாமா, பயம்னு ஒரு கொசு" என்று சொல்!

மூன்று: இன்று முதல் நீ யாருக்கும் 'நாலு பேர்' ஆகாதே. தடுமாறுகிறவனைக் கண்டால் சிரிக்காதே. அந்தக் கேடியைப் போல அவன் கோலைத் துடைத்துக் கொடு.

என் கதை பாக்கி இருக்கிறது. ரயிலின் கடைசிப் பெட்டி மறைந்தது. தண்டவாளத்தின் அதிர்வு அடங்கியது. ஒரு கொக்கு மட்டும் புல்லில் நின்றிருந்தது. மறுபடி பந்தின் முன் நின்றேன். அவசரப்படாமல் வீசினேன். 'டக்.' நூறு கெஜம்கூடப் போயிருக்காது. ஆனால் நேராகப் போனது. பார்க்க ஒருவரும் இல்லை, கேடியையும் கொக்கையும் தவிர. என் ஆயுளில் அதைவிடப் பெரிய கைதட்டல் எனக்குக் கேட்டதில்லை!

கடைசிக் காலத்தில் தூக்கிப் போக நாலு பேர் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். வேண்டும்தான், வரட்டும். அவர்கள் தோளில் ஏறும் அந்த ஒருநாள் மட்டும், அவர்கள் போகிற வழியில் போவோம்.

அதுவரை நடப்பது உன் கால். வீசுவது உன் கை. ரயில் போய்விட்டது, பந்து இங்கேதான் கிடக்கிறது. அடி!